ஆலிலைச் சிசுவின் மூடாத கண்கள்

கேள்வி

பிரெஞ்சு ஓவியை பெர்த் மோரிஸோ 1872ஆம் ஆண்டில் எழுதிய ‘தொட்டில்’ என்னும் எண்ணெய் வண்ணச் சித்திரத்தில், அவருடைய சகோதரி எட்மா, மெல்லிய வலைத்திரை தொங்கும் தொட்டிலின் அருகே அமர்ந்து, கன்னத்தில் ஒரு கையை ஊன்றியவண்ணம், உள்ளே உறங்கும் தம் மகள் பிளான்ஷைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். 1874இல் பாரிஸில் நடந்த முதல் இம்ப்ரெஷனிஸ்ட் கண்காட்சியில் வைக்கப்பட்டு, இன்று அந்நகரின் ஓர்ஸே அருங்காட்சியகத்தில் இருக்கும் அச்சித்திரம், அக்காலத்து ஐரோப்பாவில் மிகவும் பழகிப்போயிருந்த ஒரு விஷயத்தின் சிறந்த உதாரணங்களுள் ஒன்று. தேவாலயத்துக்கென எழுதப்பட்ட குழந்தை இயேசு முதல் மத்தியதரக் குடும்பத்துச் சிசு வரையில், கண்மூடிக் கிடக்கும் பிள்ளையை, அது அறியாமல், நாம் நின்று பார்ப்பதே இத்தகைய படங்களின் பொருள்.

அதே நூற்றாண்டில் தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் காவிரிப் படுகையின் பிற ஊர்களிலும் படுத்திருக்கும் குழந்தையின் சித்திரம் ஏராளமாக எழுதப்பட்டது. பிரளய ஜலத்தில் மிதக்கும் ஓர் ஆலிலையைப் படுக்கையாகக் கொண்ட பாலகிருஷ்ணன், அதாவது வடபத்ரசாயி, அக்குழந்தை. இலையின் மேல் மல்லாந்து கிடக்கும் அச்சிசு, நான் கண்ட படங்களில் எல்லாம், இரு கண்களையும் அகலத் திறந்துகொண்டு நம்மை நோக்குகிறதேயன்றி உறங்குவதில்லை. தாலாட்டுக்கென்று தனி இலக்கிய வகையே கண்ட ஒரு மொழியினரிடையே, பெரியாழ்வார் கண்ணனைத் தொட்டிலிலிட்டுப் பாடிய பாசுரங்களை அன்றாடம் ஓதிவந்த ஒரு வட்டாரத்திலே, உறங்கும் கண்ணனை எழுத வேண்டும் என்ற எண்ணம் சித்திரக்காரருக்கு ஏன் தோன்றவில்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

படத்தின் அமைப்பு

தஞ்சாவூர்ச் சித்திரங்களைக் குறித்த இதுகாறுமான ஆராய்ச்சியில் ஜயா அப்பாசாமி 1980இல் வெளியிட்ட, மராட்டியர் காலத்துத் தஞ்சாவூர் ஓவியம் பற்றிய நூலுக்குப் பிரத்தியேகமான இடம் உண்டு. பொதுவாக ஆராய்ச்சியாளர்கள் இப்பாணியை நாயக்கர் காலச் சுவர்ச் சித்திர மரபு, தக்காணத்திலிருந்து வந்த கைப்பழக்கம், கும்பினிக்காரருக்கென எழுதப்பட்ட படங்களின் வழியாக நுழைந்த ஐரோப்பிய ரசனை ஆகியவற்றின் கலப்பாகவே விளக்குகின்றனர். 1798இல் பட்டமேறி 1832இல் காலமான இரண்டாம் சரபோஜியின் காலத்தில் இப்பாணி செழித்தது என்பதிலும், அவர் மகன் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி இறந்து அரசு கும்பினியின் வசமானபின், பட்டறைகள் மிராசுதார்களையும் வணிகர்களையும் பஜனை மடங்களையும் நம்பிப் பிழைத்தன என்பதிலும் பெரிய அபிப்பிராய பேதம் இல்லை. ஆயினும் இந்த ஆராய்ச்சி பெரும்பாலும் படம் எங்கிருந்து வந்தது என்பதையே பேசிற்று. அது எந்த இடத்தில், யார் முன்னிலையில் இருந்தது என்பதைப் பேசியது குறைவு.

ஆலிலைப் படம் ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். பலாப் பலகையின்மேல் துணி ஒட்டி, அதன்மேல் சுண்ணப்பொடியும் பசையும் கலந்த பூச்சுப் பூசிச் சமன்செய்து, இலையின் நரம்புகளையும் குழந்தையின் ஆபரணங்களையும் அதே வகைக் கலவையான மக்கினால் மேடாக எழுப்பி, கற்களைப் பதித்து, தங்க ரேக்கு ஒட்டியபின்பே வண்ணம் வைப்பது முறை. வண்ணமும் எண்ணெயில் குழைத்ததன்று. கோந்து நீரில் கரைத்தது. குழந்தையின் மேனி, சாஸ்திரம் சொல்லும் கார்வண்ணமாக இராமல், அநேகமாக வெண்மையோ இளஞ்சிவப்போ கலந்த நிறமாக இருக்கும். ஒரு காலின் பெருவிரல் இரு கைகளாலும் பற்றப்பட்டு வாயருகே வந்திருக்கும். அரைஞாண், தண்டை, சதங்கை, முத்துக் கோத்த கொண்டை எல்லாம் உண்டு. கவனிக்க வேண்டியது, உடல் இலையின் நீளவாக்கில் கிடக்க, முகம் மாத்திரம் முழுவட்டமாக நம்மை நோக்கித் திரும்பியிருக்கும் விந்தையை. பல படங்களில் மார்பின் மாலை பக்கவாட்டில் சரிவதில்லை. கேசம் இலைமேல் கலைந்து விழுவதில்லை. கொழுத்த கன்னம் படுக்கையில் அழுந்துவதில்லை. கனம் என்பதே இல்லாத உடல் அது. உறங்கும் குழந்தையை உறங்கும் குழந்தையாகக் காட்டுவது இமையைவிடக் கனந்தான். கை எங்கே போட்டதோ அங்கேயே கிடக்கும், தலை சாய்ந்த பக்கமே சாயும். மோரிஸோவின் பிளான்ஷிடம் அக்கனம் முழுதும் இருக்கிறது. தஞ்சாவூர்க் கண்ணனிடம் அது துளியும் இல்லை. ஆகவே இமைகள் திறந்திருப்பது தற்செயலான ஓர் அம்சமன்று. முழு உடலும் விழிப்பையே உத்தேசித்து எழுதப்பட்டிருக்கிறது.

திறமைக் குறைவு என்ற விளக்கம்

மேனாட்டுக் கண்ணோட்டத்தில் இச்சித்திரங்களை அணுகியவர்களுக்கு எளிதில் தோன்றக்கூடிய விளக்கம், உறங்கும் உடலை யதார்த்தமாக எழுதும் பயிற்சி இங்கே இல்லை என்பது. இதில் ஓரளவு உண்மை உண்டு. எண்ணெய் வண்ணம் மெதுவாக உலர்வதால் ஒளியிலிருந்து நிழலுக்குப் படிப்படியாக இறங்கிச்செல்ல ஓவியனுக்கு அவகாசம் தருகிறது. மூடிய இமையின் கீழே தேங்கும் மெல்லிய நிழல் அத்தகைய அவகாசத்தின் பலன். கோந்து வண்ணமோ விரைவில் உலர்ந்து கோட்டையே முதன்மையாக்கும். மேலும் ஐரோப்பிய ஓவியனுக்கு உறக்கம் ஒரு தொழில் வசதியாகவும் இருந்தது. கைக்குழந்தையை அசையாமல் உட்கார வைத்து எழுதுதல் யாராலும் ஆகாத காரியம், ஆனால் உறங்கும் குழந்தை ஒரு மணி நேரமாவது நிலைத்து நிற்கும் மாதிரி. தஞ்சாவூர்ப் பட்டறையில் உயிருள்ள மாதிரிக்கு இடமே இல்லை. தலைமுறையாக வைத்திருந்த வரைபடங்களே மாதிரி.

எனினும் இவ்விளக்கம் முழுவதும் நிற்பதன்று. சரபோஜியின் தன்வந்திரி மகாலில் நேத்திர சிகிச்சை பெற்றவர்களின் விவரக் குறிப்புகள் சரஸ்வதி மகால் நூலகத்தில் பாதுகாக்கப்பட்டு வந்துள்ளன; அவற்றில் நோயாளியின் கண், புரை படர்ந்த கருவிழியும் சிவந்த வெண்படலமும் வீங்கிய இமையுமாக, உள்ளது உள்ளபடி வண்ணத்தில் வரையப்பட்டிருக்கிறது. மனித முகத்தையும் மிருக முகத்தையும் ஒப்பிட்டு பதினேழாம் நூற்றாண்டின் பிரெஞ்சு ஓவியர் லெப்ரன் வரைந்த படங்களின் பிரதிகளும் அதே நூலகத்தில் உண்டு. இமையை அதன் சதையும் ஈரமுமாக எழுதக்கூடிய கை ஒன்று தஞ்சாவூரில் அப்போது இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான பிரமாணம் வேண்டுவதில்லை. அந்தக் கையும் ஆலிலைக் கண்ணனை எழுதிய கையும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. ஒரே அரசனின் ஆதரவில், ஒரே ஊரில், வைத்தியத்துக்கு ஒரு கண்ணும் பூஜைக்கு வேறொரு கண்ணும் எழுதப்பட்டன என்பதையே சுட்டுகிறேன். எது எங்கே வேண்டும் என்பதை அவ்வூரார் அறிந்தே பிரித்தனர்.

படுத்திருப்பவரைச் சூழ்ந்து நின்று பார்த்தல் என்னும் ஐரோப்பியக் கற்பனையும் அரசருக்கு அந்நியமானதன்று. தம் ஆசான் ஷ்வார்ட்ஸ் பாதிரியாரின் நினைவாக, அவர் மரணப் படுக்கையருகே தாம் நிற்பதைச் சித்திரிக்கும் பளிங்குச் சிற்பத்தை இங்கிலாந்தின் ஃப்ளாக்ஸ்மனைக் கொண்டு செய்வித்துத் தஞ்சைத் தேவாலயத்தில் வைத்தவர் அவரே.

புராணமும் பள்ளியறையும்

இரண்டாவது விளக்கம் சாஸ்திரத்திலிருந்து வருவது. பாகவதத்தின் பன்னிரண்டாம் ஸ்கந்தத்தில், பிரளயத்தில் அலைந்து களைத்த மார்க்கண்டேயர் ஆலிலைமேல் காணும் சிசு, கால்விரலை வாயிலிட்டுச் சுவைத்துக்கொண்டிருக்கிறது. பின்னர் அதன் மூச்சோடு உள்ளே இழுக்கப்பட்ட முனிவர் அகில லோகங்களையும் அதன் வயிற்றிலே காண்கிறார். விழித்திருக்கும் குழந்தையே அது. பாரதத்து வனபர்வத்திலும் இக்கதை உண்டு. ஆதலால் சித்திரக்காரர் மூலத்தைப் பின்பற்றினார், அவ்வளவே என்று முடித்துவிடலாம்.

ஆனால் தஞ்சாவூர்ப் பட்டறைகள் மூலத்துக்கு அவ்வளவு கட்டுப்பட்டவை அல்ல. கார்வண்ணனை வெள்ளையாக்கினர், மேலே சிறகு முளைத்த தேவதைகளைப் பறக்கவிட்டனர், வைகுண்டத்தில் ஐரோப்பியத் திரைச்சீலையையும் தொங்கும் விளக்கையும் மாட்டினர். இத்தனை சுதந்திரம் எடுத்துக்கொண்டவர்கள் கண் ஒன்றில் மட்டும் மூலத்தை மீறவில்லை என்றால், அதற்குக் காரணம் மூலமாக மாத்திரம் இருத்தற்கில்லை.

காவிரிக் கரை நெடுகிலும் பள்ளிகொண்ட பெருமாள் கோயில்கள் தொடர்ந்து செல்வதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். ஸ்ரீரங்கம், கோவிலடி, கும்பகோணத்துச் சாரங்கபாணி கோயில், மயிலாடுதுறையை ஒட்டிய திருஇந்தளூர் என, கிடந்த கோலத்தைக் கண்டு கண்டு பழகிய ஜனங்கள் இவ்வட்டாரத்தார். அக்கிடை சாதாரண நித்திரை அன்று, யோக நித்திரை என்பது வைஷ்ணவ சம்பிரதாயம். கும்பகோணத்தில், திருமழிசை ஆழ்வாருக்காகப் பெருமாள் சற்றே எழுந்த கோலம் என்றே சொல்வார்கள். கிடக்கும் தெய்வம் விழித்திருக்கும் என்னும் எதிர்பார்ப்பு வழிபடுவோரின் மனத்தில் ஊறிப்போயிருந்தது.

அப்படியானால் தெய்வம் உறங்குவதே இல்லையா என்றால், உறங்குகிறது. ஒவ்வொரு இரவும் உறங்குகிறது. அர்த்தஜாம பூஜைக்குப்பின் சுவாமியைப் பள்ளியறைக்கு எழுந்தருளப்பண்ணி, ஊஞ்சலிலிட்டு, பால் நிவேதனம் செய்து, பாட்டுப் பாடி, நடை சாத்துவது சைவ வைஷ்ணவ பேதமின்றித் தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றின் வழக்கம். இங்கே முக்கியமானது, உறக்கம் தொடங்குமிடத்தில் கதவு சாத்தப்படுகிறது என்பது. மறுநாள் திருப்பள்ளியெழுச்சிக்குப்பின் கதவு திறந்தாலன்றி தரிசனம் இல்லை. தெய்வத்தின் நித்திரை மறுக்கப்படவில்லை. அது பார்வைக்கு உரியதாகக் கருதப்படவில்லை. ஆலிலைப் படத்தின் புதிருக்கு விடை, என் அபிப்பிராயத்தில், புராணத்தைவிட இந்தச் சாத்திய கதவினருகேதான் கிடக்கிறது.

கண் திறத்தலும் கண்ணாடிப் படமும்

மூன்றாவது விளக்கம், பிரதிமைக்குக் கண் திறக்கும் சடங்கைச் சார்ந்தது. சிற்பத்துக்கோ சித்திரத்துக்கோ கடைசியாகவே கண் திறப்பது நம் நாட்டிலும் இலங்கையிலும் பழமையான மரபு. 1681இல் வெளியான ராபர்ட் நாக்ஸின் இலங்கை வரலாறு, கண் வைக்கப்படும் வரை உருவம் வெறும் ஜடப்பொருளாகவே எண்ணப்பட்டது என்று குறிக்கிறது. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் இந்த நேத்திர மங்கலத்தை விரிவாக வருணிக்கிறார். இதை வைத்து, கண் திறந்தால்தானே படம் முடிந்தது, மூடிய கண்ணோடு ஒரு படம் முடிவு பெறுவது எங்ஙனம் என்று வாதிக்கலாம். தஞ்சாவூர்ப் பலகைப் படத்திலும் முகத்தின் நுட்பங்கள், கண் உட்பட, இறுதியில் வருபவை.

இவ்வாதத்தைச் சோதிக்க நமக்கு ஒரு சாதனம் தஞ்சாவூரிலேயே கிடைத்திருக்கிறது. அதுதான் கண்ணாடிப் படம். கடல் வாணிபத்தின் வழியே வந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே வேரூன்றிய இக்கலையில், கண்ணாடியின் பின்புறத்தில் எழுதி முன்புறத்திலிருந்து பார்ப்பதால், வேலையின் வரிசை முற்றிலும் தலைகீழாகிறது. மேலே தெரிய வேண்டிய கோடும் புருவமும் கருவிழியும் முதலில்; அதன்மேல் மேனியின் நிறம்; அதற்கும் பின்னால் ஆடை; எல்லாவற்றுக்கும் கடைசியில் பின்புலம். இங்கே கண் முதலில் பிறந்துவிடுகிறது. கண்ணுக்குப்பின் உடல் வருகிறது. கண் திறத்தல் கடைசிக் கிரியை என்பதே திறந்த கண்ணுக்குக் காரணமாயின், அக்கிரியைக்கு இடமில்லாத கண்ணாடியில் சித்திரக்காரர் கொஞ்சம் தளர்ந்திருக்கலாம். தளரவில்லை. கண்ணாடிப் படத்துக் கண்ணனும் விழித்தே இருக்கிறான். ஆகவே நிர்ணயிப்பது எழுதும் வரிசை அன்று. எழுதி முடித்தபின் படம் செய்ய வேண்டிய காரியம்.

அக்காரியம் என்ன? பஜனை மடத்துச் சுவரிலோ மிராசுதார் வீட்டுப் பூஜையறையிலோ, எண்ணெய் விளக்கின் அரை வெளிச்சத்தில், ரேக்கும் கல்லும் மின்ன, பக்தனை நோக்குவது. பார்க்க வந்தவனைப் படமும் பார்க்க வேண்டும். டயானா எக் என்னும் அமெரிக்க அறிஞர் 1981இல் தரிசனத்தைப் பற்றி எழுதியபின் இக்கருத்து உலகறிந்ததாயிற்று; ஆனால் கூட்டத்தில் எம்பி எம்பி, சுவாமி கண்ணில் படவேண்டும் என்று நிற்கும் நம் பாட்டிமார்களுக்கு அதை எவரும் கற்பிக்க வேண்டியிருந்ததில்லை.

திருஷ்டி

தரிசனம் மட்டும் போதுமா என்று யோசித்தால், இன்னும் ஒரு பக்கம் மிஞ்சுகிறது. பூஜைக்கு உரியதல்லாத, வெறும் மனிதக் குழந்தையின் உறக்கத்தையாவது யாரேனும் எழுதியிருக்கலாமே. கும்பினிக்காரருக்காகத் தஞ்சாவூரில் எழுதப்பட்ட ஜாதி, தொழில் படங்களில் தம்பதிகள் நிற்கிறார்கள். சிலவற்றில் பெண்ணின் இடுப்பில் குழந்தையும் இருக்கிறது. உறங்கும் குழந்தையைத் தனிப்பொருளாகக் கொண்ட படம் அவற்றிலும் என் கண்ணில் பட்டதில்லை.

இங்கே நம் வீட்டு வழக்கம் ஒன்றைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று கருதுகிறேன். தூங்குகிற பிள்ளையை ரசிக்கக் கூடாது என்பது டெல்டாவின் எந்த ஊரிலும் இன்றும் கேட்கக்கூடிய சொல். கண் பட்டுவிடும். குழந்தையின் கன்னத்தில் மைப்பொட்டு வைப்பதும், அந்தி சாயும் நேரத்தில் உப்பும் மிளகாயும் சுற்றிப்போடுவதும் இதே அச்சத்தின் வேறு வடிவங்கள். விழித்திருக்கும் குழந்தை தன்னைப் பார்ப்பவரைத் தானும் பார்க்கிறது, சிரிக்கிறது, அழுகிறது. அதனால் அந்தப் பார்வைக்கு ஒரு பதில் உண்டு. உறங்கும் குழந்தையிடம் பதில் இல்லை. பார்வை முழுதும் அதன்மேலேயே தங்கிவிடுகிறது. பழம்புடவையை உத்தரத்தில் கட்டிய தூளியில் கிடத்தினால் குழந்தை முழுவதும் துணிக்குள் மறைந்துபோவதும் இவ்விஷயத்தோடு பொருந்தி வருகிறது. நடவுக்குச் செல்லும் பெண்கள் வரப்போரத்து மரக்கிளையில் கட்டிவைக்கும் ஏணையிலும் அப்படியே. வெளியே தெரிவது துணியின் வீக்கம் மட்டுமே. (அந்த ஏணைக் குழந்தையை, கண் திறந்தோ மூடியோ, எந்தப் பட்டறையும் எழுதவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும், பலாப் பலகைக்கும் தங்க ரேக்குக்கும் விலை கொடுத்தவர்கள் வேறு வீட்டார்.)

வாய்வழி வழக்குகளுக்குத் தேதி எழுதிவைப்பார் இல்லை. ஆகையால் இதைத் தனிப் பிரமாணமாக நான் கொள்ளவில்லை. ஆனால் கோயிலில் சாத்திய பள்ளியறைக் கதவும், வீட்டில் மூடிய தூளித் துணியும், ரசிக்காதே என்ற எச்சரிக்கையும் ஒரே திசையைக் காட்டும்போது, அனுமானத்துக்கு வலு கூடுகிறது. உறக்கம் இங்கே மறைக்க வேண்டிய நிலை; படமோ பார்க்கப்படுவதற்கென்றே பிறந்த பொருள். இரண்டும் ஒரே பலகையில் சேர முடியாமல் போனதில் வியப்பில்லை. இவ்விடத்தில் மோரிஸோவின் வலைத்திரையை மீண்டும் கவனித்தால், ஐரோப்பாவை ஒரேயடியாக எதிர்ப்பக்கத்தில் நிறுத்துவதும் பிசகு என்று தெரிகிறது. தாய் தடையின்றிக் குழந்தையைப் பார்க்கிறாள். நமக்கும் குழந்தைக்கும் நடுவிலோ அத்திரை வீழ்ந்திருக்கிறது. அந்நியர் பார்வையைப் பற்றிய கூச்சம் அந்த ஓவியைக்கும் இருந்தது போலும். ஆண் ஓவியர்களின் உறங்கும் சிசுக்களில் இவ்வளவு இங்கிதத்தை நான் கண்டதில்லை.

எண்ணெய் வந்தபின்

இந்த வாதத்துக்கு இறுதிச் சோதனை எண்ணெய் வண்ணமே இங்கு வந்து சேர்ந்தபின் நிகழ்ந்தது. 1848இல் பிறந்த ராஜா ரவிவர்மா, தம் மாமா ராஜராஜ வர்மாவிடம் பெற்ற ஆரம்பப் பயிற்சி தஞ்சாவூர்ப் பாணியைச் சார்ந்தது. 1868இல் திருவனந்தபுரம் வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன் வேலை செய்வதை அருகிருந்து பார்த்தும், சொந்த முயற்சியாலும், அவர் எண்ணெயை வசப்படுத்தினார். ஆக, இரண்டு மரபுகளும் ஒரே கையில் கூடின. 1893இல் அவர் எழுதி சிகாகோ உலகக் கண்காட்சிக்குச் சென்ற ‘அதோ அப்பா வருகிறார்’ என்னும் படத்தில் மகள் மகாபிரபாவும் பேரப்பிள்ளையும் மாதிரிகள். நிழலும் தோலும் துணியின் மடிப்பும் முழு ஐரோப்பியத் தேர்ச்சியோடு எழுதப்பட்ட அப்படத்தில் குழந்தை தாயின் இடுப்பில் விழித்திருக்கிறது. பார்வையோ நம்மைவிட்டு விலகி, தந்தை வரும் திசையில் செல்கிறது. பூஜைக்கு எழுதாத படம் என்பதால், குழந்தை நம்மைப் பார்க்க வேண்டிய கடமையிலிருந்து விடுபட்டுவிட்டது. இமை மூடும் அளவுக்கு இன்னும் விடுபடவில்லை.

1894இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகமும், அதைப் பின்பற்றி எழுந்த பிற அச்சகங்களும் வெளியிட்ட வண்ணப் படங்கள், ரேக்கும் கல்லும் வாங்க வழியற்ற வீடுகளிலும் பூஜையறைச் சுவரை நிரப்பின. மெல்லிய நிழல், இயற்கையான மேனி, படுக்கையில் அழுந்தும் கன்னம் எல்லாம் இப்போது அணாக் கணக்கில் கிடைக்கக்கூடியவை. தொழில்நுட்பம் ஒரு தடையாக இருந்திருப்பின் அது நீங்கிவிட்டது. பூஜையறைக்குள் வந்த கண்ணனோ தொடர்ந்து விழித்தே வந்தான். பின்னாளில் நாட்காட்டிகளிலும் வாழ்த்து அட்டைகளிலும் கன்றின்மேல் தலைசாய்த்து இமைமூடிய கண்ணனைக் காண்கிறோம். ஆனால் அவை பெரும்பாலும் கூடத்துச் சுவருக்கும் அலமாரிக் கதவுக்கும் உரியவை. அவற்றின் முன் யாரும் விளக்கேற்றி நான் பார்த்ததில்லை.

என் முடிவை மறுக்க ஒரே ஒரு படம் போதும். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தஞ்சாவூர்ப் பலகையிலோ கண்ணாடியிலோ கண்மூடிய ஆலிலைக் கண்ணன் எவர் வீட்டுப் பரணிலிருந்தாவது வெளிப்படலாம். அப்போது வண்ணத்தின் வயதையும் ரேக்கின் மாற்றையும் பரிசோதிக்கும் முன்னர் கேட்க வேண்டியது, அப்படம் அந்த வீட்டில் எந்த அறையில் மாட்டியிருந்தது, அதற்கு நித்திய பூஜை நடந்ததா என்பதே.